முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள்

கட்டுமானத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. வீட்டுக்குள் சூடும் சத்தமும் வராமல் தடுக்கிற வேலைக்கு இப்போது நல்ல கிராக்கி. மே மாதம் இரவு பதினொரு மணிக்கும் மாடி அறையில் படுக்க முடியாதவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பஸ் போகிற சாலையைப் பார்த்துப் படுக்கையறை ஜன்னலை வைத்துவிட்டு நொந்துபோனவர்களும் வருவார்கள். வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன மெட்டீரியல் போடலாம்?" அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் போடுகிற மெட்டீரியல், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தண்டம்தான். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. சூட்டுக்கு வைத்தியம் வேறு, சத்தத்துக்கு வைத்தியம் வேறு. பாதிப் பணம் வீணாவது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான். தெர்மோகோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. 2 அங்குலத் தெர்மோகோல் தடுக்கிற அளவு சூட்டை வெறும் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால், தளம் ஏறக்குறைய 7 அடி கனம் இருக்க வேண்டும்! அதே தெர்மோகோலைச் சுவரில் ஒட்டிப் பக்கத்து வீட்டு டிவியை நிறுத்தப் பாருங்கள், வசனம் ஒன்று விடாமல் கேட்கும். சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். தெர்மோகோலில் எடையே இல்லை. ஏஏசி பிளாக்கும் இப்படித்தான். செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், அதனால் வெயிலுக்கு நல்லது. ஆனால் இரண்டு ஃபிளாட்டுகளுக்கு நடுவே வருகிற சுவருக்கு என்னைக் கேட்டால் செங்கல்தான். ஒரே ஷீட் இரண்டையும் தடுக்கும் என்று கடைக்காரர் சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

2. ஓட்டையைத் தேடாமல் சத்த வேலையைத் தொடாதீர்கள். இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மனதில் வையுங்கள். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதியை இரும்பாலேயே செய்திருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. மூன்றடிக் கதவின் கீழே அரை அங்குலச் சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் தேக்குக் கதவைப் பிளைவுட் கதவாக்கிவிட அந்தச் சந்தே போதும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்கமிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தமும் வருகிற இடம். ஏசி குழாய் போகிற துவாரம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரே சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாக வைத்த சுவிட்ச் பெட்டிகள், பிளாக் சுவரில் கலவை சரியாக நிரம்பாத மூட்டுகள் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பூசாத பிளாக் சுவரை நம்பவே நம்பாதீர்கள். பூச்சு என்பது அங்கே அழகுக்கு மட்டுமல்ல. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஸ்பிரே ஃபோம் அடித்துவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது காற்றை நிறுத்தும், சத்தத்தை அவ்வளவாக நிறுத்தாது. அதன் மேல் கலவையோ சீலன்ட்டோ அழுத்தி அடைக்க வேண்டும்.

3. தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்கக் கூடாது, தளம் வரை ஏற வேண்டும். டாக்டர் உள்ளே நோயாளியிடம் சொல்வது வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

4. சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போவதில் பயனில்லை. இரண்டு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 45 டெசிபல் தடுக்கும். ஒன்பது அங்குலமாக்கினால் 50 வரும். செங்கல்லும் இடமும் இரண்டு மடங்கு செலவாகியும் கிடைத்தது ஐந்தே டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே எடையைக் கூட்டுவதை விட, சுவரை இரண்டாகப் பிரித்து நடுவே இடைவெளி விடுவதுதான் கெட்டிக்காரத்தனம். இருக்கிற சுவரைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளித் தனிச் சட்டம் நிறுத்தி, நடுவே ராக் வூல் திணித்து, இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு அடித்து, ஓரங்களைச் சீலன்ட்டால் அடையுங்கள். சட்டத்தைப் பழைய சுவரோடு ஆணி வைத்து இறுக்குகிற கார்பென்டர்தான் இந்த வேலைக்கு முதல் எதிரி. அந்த ஆணி வழியாகவே சத்தம் இந்தப் பக்கம் வந்துவிடும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஜன்னல் விஷயத்தில் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சாலைச் சத்தத்தில் பெரும்பங்கு உள்ளே வருவது ஜன்னல் வழியாகத்தான். சறுக்கித் திறக்கிற ஜன்னலில் ரப்பர் ஒருநாளும் முழுதாக அழுந்தாது. கீல் வைத்துத் திறக்கிறதில் அழுந்தும். "டபுள் கிளாஸ் போட்டுவிட்டோம், அப்படியும் பஸ் சத்தம் கேட்கிறது" என்று புலம்புவார்கள். நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி சூட்டுக்காக வந்தது. பஸ் எஞ்சினின் கனத்த உறுமலுக்கு அது போதாது. நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அதைவிடத் தேவலை. எல்லாவற்றிலும் மேல், பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு ஜன்னல் வைப்பது. பார்வைக்குச் சுமார்தான், ஆனால் தூக்கம் வரும்.

இனிதான் சிக்கல். இத்தனையும் அடைத்த பிறகு காற்று எங்கிருந்து வரும்? குளிர் நாட்டில் வீட்டை இறுக்கி மூடுவது சத்தத்துக்கும் உதவும், சூட்டுக்கும் உதவும். நம் ஊரில் இந்த இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும். ஏசி இல்லாத வீட்டுக்காரர் ராத்திரி ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் நீங்கள் செய்த சத்த வேலை அத்தனையும் போச்சு. ஸ்பிலிட் ஏசி இருக்கிறதே என்றாலும், அது உள்ளே இருக்கிற காற்றையே சுற்றி விடுகிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சாலையைப் பாராத பக்கம் ஒரு திறப்பு வையுங்கள். இல்லையென்றால் உள்ளே ராக் வூல் ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் மடக்கிய காற்றுப் பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்துங்கள். காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் வழியிலேயே அடங்கும். வீடு இன்னும் வரைபடமாகவே இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம்: சாலைப் பக்கம் சமையலறையும் குளியலறையும் மாடிப்படியும், உள்பக்கம் படுக்கையறை. காசில்லாத வைத்தியம் இது ஒன்றுதான், ஆனால் வாஸ்து பார்க்கிறவரிடம் இதைப் பேசி ஜெயிப்பது உங்கள் சமர்த்து.

6. முட்டை அட்டை, கூம்பு கூம்பாக வெட்டிய ஸ்பாஞ்ச் இவற்றால் பக்கத்து வீட்டுச் சத்தம் நிற்காது. அவை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். முட்டை அட்டை அதையும் அரைகுறையாகத்தான் செய்யும். எதிரொலிக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் ஹார்வர்டில் இயற்பியல் வாத்தியாராக இருந்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுகிற வார்த்தை ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து புரியாமல் போனது. இன்னொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து பார்த்துத்தான் அவர் சூத்திரம் கண்டார். உங்களுக்குக் கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட ஹாலோ வந்தால் சபைன் உதவுவார். பக்கத்து ஃபிளாட் சண்டைக்கு உதவ மாட்டார்.

7. மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது, உரலில் இடிப்பது, கிரைண்டர் ஓடுவது எல்லாம் காற்றில் வருகிற சத்தமல்ல. தளமே அதிர்ந்து வருவது. உதைக்கிற இடத்தில் பிடித்தால் சுலபம், கீழ்வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டுப் பிடிப்பது கஷ்டம், செலவும் அதிகம். மேல்வீட்டில் நாற்காலிக் காலுக்கு ரப்பர் குல்லா, கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய், தண்ணீர் மோட்டாருக்கு ரப்பர் புஷ், மோட்டாரிலிருந்து கிளம்பும் குழாயில் வளைந்து கொடுக்கிற ஒரு துண்டு. பல வீடுகளில் விவகாரம் இவ்வளவில் தீர்ந்துவிடும். மேல்வீட்டாரோடு பேசிப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். புதுக் கட்டடமானால் டைல்ஸுக்கு அடியில் ஒரு ரப்பர் அல்லது கார்க் அடுக்கை விரித்து, டைல்ஸ் சுவரைத் தொடாமல் ஓரத்தில் இடம் விடச் சொல்லுங்கள்.

8. சூடு என்றால் மேலே பாருங்கள். நம் ஊரில் உச்சி வெயில் உண்மையிலேயே உச்சியில் அடிக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் ஒரு முறை சூரியன் நடுப்பகலில் நேர் தலைக்கு மேல் நிற்கும். சுவரெல்லாம் அப்போது தப்பித்துக்கொள்ளும், மொட்டை மாடி மாட்டிக்கொள்ளும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலத்துக்கு மேல் உள்ளே கக்கும், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி. அதனால்தான் பகலில் சகித்த அறை ராத்திரி சகிப்பதில்லை.

பழைய கொத்தனார்கள் இதைத் தெரிந்துதான் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குச் சுர்க்கி போட்டார்கள். 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீர்த்த சுண்ணாம்பு என்பது இங்குள்ள பொதுப்பணித் துறைக் கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்காக அடிப்பார்கள். அதன் மேல் தட்டோடு. இப்போது அடிக்க ஆளில்லை என்று சிமென்ட் கலந்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சிமென்ட் வெடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கவில்லையா, வேறு வழி இருக்கிறது. வாட்டம் எடுத்து, தண்ணீர் கசியாமல் பூச்சு முடித்து, தண்ணீர் கட்டிச் சோதித்து, அதன் பிறகு தண்ணீர் குடிக்காத இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை பரப்பி, மேலே கான்கிரீட் பூச்சும் வெள்ளை டைல்ஸும் போடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வீடுகளுக்கான மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு எரிசக்தி விதித் தொகுப்பு, கூரையின் யூ மதிப்பு, அதாவது கூரை சூட்டைக் கடத்தும் அளவு, 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெறும் தளம் அதன் கிட்டேகூட வராது. இந்த அடுக்கு தாராளமாகத் தேறிவிடும்.

அவ்வளவு செலவுக்கு வசதியில்லாதவருக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் நல்லதுதான். வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு. புதிதில் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தூசியும் பாசியும் ஏறினால் அந்தப் பலன் இறங்கிவிடும். ஒவ்வொரு கோடைக்கு முன்னும் கழுவ வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள். இன்னொன்று, பளபளவென்று மின்னும் அலுமினியத் தாள் விற்பார்கள். அதற்கு எதிரே ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். கலவைக்குள் புதைத்த அலுமினியத் தாளும் செய்தித்தாளும் ஒன்றுதான்.

9. மேற்குச் சுவர் வெயிலை வெளியே நிறுத்துங்கள். சன்ஷேடு, மூங்கில் தட்டி, கொடி, மரம் எதுவானாலும் சரி. உள்ளே திரை போட்டால் கண்ணாடி தாண்டி வந்துவிட்ட சூடு திரும்பிப் போகாது. புதிதாகக் கட்டுகிறவருக்கு லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைச் சொல்லிப் பாருங்கள். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், வெற்றிடம் சூட்டையும் குறைக்கும்.

10. அஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் வேலை வந்தால் ஷீட்டைத் துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். அந்தத் தூசி புற்றுநோய் தரும். கீழே தனிச் சட்டம் கட்டி உள்கூரை போடுங்கள். தகர ஷீட்டில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு, ஷீட்டோடு ஒட்டுகிற தார் விரிப்பு நல்லது. தகரத்தின் அதிர்வை அதுதான் அடக்கும். ராக் வூலைக் கையாளும்போது உங்களுக்கும் சித்தாளுக்கும் மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அது நனைந்துவிட்டால் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள்.

11. "சவுண்ட் ப்ரூஃப் செய்து தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இத்தனை டெசிபல் குறைப்பேன் என்று எழுதுங்கள், முன்னும் பின்னும் அதே மீட்டரில், அதே நேரத்தில், வீட்டுக்காரர் எதிரிலேயே அளந்து காட்டுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வெளியே அனுமதி. அதைத் தாண்டிக் கத்துகிற ஒலிபெருக்கிக்கு மருந்து உங்கள் பையில் இல்லை, காவல் நிலையத்தில் இருக்கிறது. அதையும் சொல்வதுதான் தொழில் நாணயம்.

12. கடைசியாக, தீ. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடை வாணத்திலிருந்து பறந்த பொறி சத்தத்தைக் குறைக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியா ஊரில் கிஸ் என்ற விடுதியிலும் இதே கதை, கூரையில் ஒட்டிய ஃபோம், 242 உயிர்கள். பாலியூரித்தேன் ஃபோம் எரிகிற வேகமும் அதன் விஷப்புகையும் ஓட நேரம் தராது. தெர்மோகோலும் எரியும்; அதைத் தளத்துக்கு மேலே கான்கிரீட்டுக்கு அடியில் புதையுங்கள், அறைக்குள் திறந்து விடாதீர்கள். ராக் வூல் எரியாது. ரெக்கார்டிங் அறையோ, ஹோம் தியேட்டரோ, மாடியில் டியூஷன் சென்டரோ, எதுவானாலும் தீத் தடுப்புச் சான்று இல்லாத ஃபோமை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வீட்டுக்காரர் அதைத்தான் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அந்த வேலையை விட்டுவிட்டு வாருங்கள்.