நோய் வராத சுண்டெலி

என் தங்கைக்கு ஒன்பது வயதில் முதலாம் வகை நீரிழிவு வந்தபோது, “இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தீர்கள்” என்று உம்மாவைக் குறைசொன்னவர்கள் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு ஏன் வரவில்லை? அந்தக் கேள்விதான் என்னைச் சுண்டெலிகளிடம் கொண்டுபோனது.

1980 இல் ஜப்பானில் மகினோ குழுவினர் என்.ஓ.டி. என்னும் சுண்டெலிக் குலத்தை அறிவித்தனர். அது கொழுத்த எலி அல்ல. அதன் வெண்குழியங்களே சதையியில் இன்சுலின் சுரக்கும் பீற்றாக் கலங்களை அழித்துவிடுகின்றன. பெண் எலிகளுக்கே நோய் அதிகம், மனிதரில் அப்படியில்லை.

என்னை வியக்கவைத்தது அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில் வேறொரு குலத்தோடு கலந்து உருவான அதன் உறவு, என்.ஓ.ஆர். பரம்பரையலகுகளில் ஏறத்தாழ 88 சதவீதம் என்.ஓ.டி.யினுடையவை. நோய்க்கு முதன்மைக் காரணமான 17 ஆம் நிறமூர்த்தப் பகுதிகூட அதேதான். ஆயினும் நீரிழிவு வருவதில்லை! வெண்குழியங்கள் பீற்றாக் கலத் தீவுகளைச் சுற்றி வளைக்கின்றன. பெரும்பாலும் உள்ளே புகுந்து அழிப்பதில்லை.

இரு குலங்களையும் கலந்து பெற்ற குட்டிகளில், நோய் வந்தவற்றையும் வராதவற்றையும் ஒப்பிட்டார்கள். காவல் ஓரிடத்தில் இல்லை. 1, 2, 4 ஆம் நிறமூர்த்தங்களில் சிதறிக் கிடக்கிறது.

இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எலிக் கதையின் நடுவே, “அப்ப, நான் இனிப்புக் குடுத்ததால இல்லையா மகள்?” என்று மட்டும் கேட்டார்.