பாலைவனத்துல ஒரு பிளாட்: வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போய் வேலையில் சேர்ந்த சீனியர்கள் கண்ணில் இந்த மாதிரி விளம்பரம் கண்டிப்பா படும்: "மொஹாவி பாலைவனத்தில் 2.5 ஏக்கர், ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா பக்கத்தில்!" நம்ம கணக்குல 250 சென்ட், அதாவது 45 கிரவுண்டு. விலையோ ரொம்பக் கம்மி. ஏன் கம்மின்னு கேட்கிறதுதான் இன்னிக்குப் பாடம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1938-ல் வந்த ஒரு சட்டப்படி, அமெரிக்க அரசு 5 ஏக்கர் வரைக்கும் சின்னத் துண்டுகளாகப் பாலை நிலத்தைத் தனியாருக்குக் கொடுத்தது. ஜோஷுவா ட்ரீ, ட்வென்டிநைன் பாம்ஸ் பக்கம் ஜனங்க குடிசை மாதிரி சின்ன வீடு கட்டினாங்க. பல வீடுகள் இப்போ இடிஞ்சு கிடக்கு. அப்புறம் 1958-ல் நாட் மெண்டல்சன் என்பவர் கலிபோர்னியா சிட்டி என்று ஒரு பெரிய நகரத்தையே திட்டம் போட்டார். தெருக்கள் வந்தன, வீடுகள் வரவில்லை. 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 15,000 பேர்தான். சாட்டிலைட் மேப்பில் பாருங்க, காலி மண் தெருக்கள் கட்டம் கட்டமா தெரியும். பைக் ஓட்ட ஜாபோன் கேன்யன், சுத்திப் பார்க்க ரெட் ராக் கேன்யன் எல்லாம் பக்கத்திலேயே இருக்கு. ஆனா பக்கத்தில் இடம் இருக்கிறது வேற, வாழ முடியிறது வேற.

1. வழி: மேப்பில் கோடு இருந்தா போதாது. அடுத்தவர் நிலம் வழியா போகணும்னா, அந்த வழிப் பாத்தியம் பத்திரத்தில் பதிவாகி இருக்கணும். இல்லைன்னா உங்க நிலத்துக்கு நீங்களே அத்துமீறித்தான் போகணும்.

2. தண்ணீர்: இரண்டு பேர், ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர். மாசத்துக்கு 6,000 லிட்டர், அதாவது 6 டன். ஒரு பிக்கப் வண்டி 600 கிலோ தூக்கும்னு வெச்சா 10 ட்ரிப். போர் போடலாமான்னா, அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தை முதலில் விசாரிக்கணும்.

3. மண்: செப்டிக் டேங்க் வைக்க பெர்கொலேஷன் டெஸ்ட் வேணும். குழி தோண்டி, மண்ணை ஊற வெச்சு, தண்ணி மட்டம் ஒரு இன்ச் இறங்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்ப்பாங்க. பாலை மண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு இறுகிய படிவம் இருந்தா தண்ணி இறங்காது. ரொம்ப வேகமா இறங்கினாலும் பிரச்சினை, நிலத்தடி நீர் கெடும். சிவில் பசங்களுக்கு இது தெரிஞ்ச கதை.

4. வெள்ளம்: பாலைவனத்துல வெள்ளமான்னு சிரிக்காதீங்க. காஞ்ச ஓடையில் மலைமேல் பெய்த மழை திடீர்னு பாயும். மணல் தட்டையா, செடியே இல்லாம நீளமா ஓடுற இடம் ஓடைதான். வெள்ள அபாய வரைபடம் ஆன்லைனில் இலவசம்.

5. சட்டம்: ஜோஷுவா மரத்தை அனுமதி இல்லாம வெட்டக் கூடாது, 2023-ல் தனிச் சட்டமே வந்தாச்சு. பாலை ஆமையும் பாதுகாக்கப்பட்ட இனம். சொந்த நிலத்திலேயே கேரவன் வெச்சுத் தங்கலாமா என்பதை கவுன்ட்டி அலுவலகத்தில் கேளுங்க.

6. பத்திரம்: 'குவிட்கிளைம்' பத்திரம்னா, "எனக்கு இதில் ஏதாவது உரிமை இருந்தா விட்டுக்கொடுக்கிறேன்" என்பது மட்டும்தான். உரிமை இருக்குன்னு அதில் உறுதி கிடையாது. நம்ம ஊரில் வில்லங்கச் சான்று பார்க்கிற மாதிரி அங்கே டைட்டில் தேடல் செய்யணும். வரி பாக்கியையும் பாருங்க. கலிபோர்னியாவில் பொதுவா 5 வருஷம் கட்டலைன்னா கவுன்ட்டி நிலத்தை ஏலம் விடலாம்.

கடைசியா ஒரு கேள்வி: வாங்கத்தான் வேணுமா? சுத்தியுள்ள அரசு நிலத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள் வரைக்கும் இலவசமா டென்ட் போடலாம். வருஷத்துக்கு நாலு வீக்கெண்ட் பைக் ஓட்டவும் நட்சத்திரம் பார்க்கவும் மட்டும்னா, அதுவே தாராளம். அங்கேயே வீடு கட்டி இருக்கணும்னு ஆசைன்னா, மேலே சொன்ன ஆறுக்கும் எழுத்தில் பதில் வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. ஒண்ணுக்குப் பதில் வரலைன்னாலும், விலை ஏன் கம்மின்னு புரிஞ்சிடும்.