பழைய முகம், புதிய கடிகாரம்

சுவிட்சர்லாந்தின் ஒமேகா நிறுவனம் 1957ஆம் ஆண்டில் 'ஸ்பீட்மாஸ்டர்' கைக்கடிகாரத்தை வெளியிட்டது. 1969இல் பஸ் ஆல்ட்ரின் நிலவில் நடந்தபோது அணிந்திருந்தது இவ்வகைக் கடிகாரமே. பழைய தோற்றம் மாறாமல் 2021இல் வெளிவந்த புதிய பதிப்பை இருவகைக் கண்ணாடிகளுடன் வாங்கலாம். ஒன்று, 'ஹெசலைட்' எனப்படும் அக்ரிலிக். அதில் எளிதில் கீறல் விழும்; ஆனால், தேய்த்து மெருகேற்றிவிடலாம். உடைந்தாலும் அது சில்லுகளாகச் சிதறாது. எடையற்ற விண்கலத்தில் மிதக்கும் சில்லு கண்ணில் பட்டால் என்னவாகும்? மற்றொன்று, செயற்கை நீலக்கல் படிகம். அதில் கீறல் விழுவது அரிது; பலத்த அடிபட்டால் நொறுங்கக்கூடும்.

எல்லாப் பழைமையையும் மீட்க முடியாது. முற்காலக் கடிகாரங்களின் எண்கள் இருளில் ஒளிர ரேடியம் பூசப்பட்டது. 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் தூரிகை நுனியை உதட்டால் கூராக்கி அதைப் பூசினர். கதிரியக்கத்தால் நோயுற்றுப் பலர் மாண்டனர். இன்று பெரும்பாலும் கதிரியக்கமற்ற ஒளிர்பூச்சே பயன்படுகிறது. சில வடிவமைப்பாளர்கள், நாள்பட்டு மங்கியதுபோல் தோன்ற, அதில் இளமஞ்சள் நிறம் சேர்க்கின்றனர். இளைஞன் தலைக்கு நரை பூசுவதைப் போன்றதுதான் இது! வெண்கலக் கூடு அப்படியன்று. அணிபவரின் வியர்வையும் காற்றும் பட்டுத் தானாகவே நிறம் மாறும்.