எண்ணெயை வடிகட்டும் முன் எந்தச் சோதனை?

லண்டனின் மேற்கே, நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில், டிரான்ஸ்ஃபார்மர் புஷ்ஷிங் (மின்கம்பி தொட்டிக்குள் நுழையும் இடத்துக் காப்புறை) ஒன்றின் எண்ணெயில் ஈரம் ஏறியிருப்பது 2018 ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. உரிய நடவடிக்கைதான் எடுக்கப்படவில்லை. 2025 மார்ச் 20 இரவு அந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. அங்கிருந்து மின்சாரம் பெற்ற ஹீத்ரோ விமான நிலையமே மறுநாள் மூடிக் கிடந்தது.

எண்ணெய் முன்கூட்டியே சொல்லிவிடும். எந்தச் சோதனையிடம் எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

எல்லோருக்கும் பழகியது பிடிவி எனப்படும் முறிவு மின்னழுத்தச் சோதனை. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எத்தனை கிலோவோல்ட்டில் பொறி பறக்கிறது என்று பார்ப்பார்கள். செலவு குறைவு, இருந்த இடத்திலேயே முடிந்துவிடும். தெரு ஓரத்துச் சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இதோடு எண்ணெய் மட்டம், கசிவு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லின் நிறம் ஆகியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் போதவே போதாது. உள்ளே ஓர் இணைப்பு தளர்ந்து சூடேறினாலும் பிடிவி நன்றாகவே வரலாம். அங்கே தேவைப்படுவது டிஜிஏ எனப்படும் கரைந்த வாயுப் பகுப்பாய்வு. அசிட்டிலீன் தென்பட்டால் உள்ளே மின்வில் பாய்ந்திருக்கலாம். எத்திலீன் மிகுந்தால் எண்ணெய் கடுமையாகச் சூடேறியிருக்கலாம். ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் பகுதி மின்னிறக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தைக் கொண்டு கோளாறை வகைப்படுத்தும் முக்கோணத்தைக் கனடாவின் மிஷேல் டுவால் 1970களில் உருவாக்கினார். இன்றும் அதுவே கைகொடுக்கிறது. ஒரே ஒரு அளவீட்டைவிட, முந்தைய அளவீட்டிலிருந்து எவ்வளவு வேகமாக ஏறியது என்பதே முக்கியம்.

வயதான டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கு ஃபியூரான் சோதனை. சுருளைச் சுற்றிய காகிதம் சிதையும்போது ஃபியூரான் சேர்மங்கள் எண்ணெயில் கலக்கின்றன. எண்ணெயை மாற்றலாம், காகிதத்தை அப்படி மாற்ற முடியாது.

பிடிவி குறைந்ததும் வடிகட்டும் இயந்திரத்தை வரவழைப்பதுதான் வழக்கம். வெற்றிடத்தில் வடிகட்டினால் ஈரத்தோடு வாயுக்களும் போய்விடும். கோளாறின் தடயம் அழிந்து, பிடிவி அளவு மட்டும் அழகாகத் தெரியும். ஆகவே டிஜிஏ, ஃபியூரான் மாதிரிகளை முதலில் எடுத்துவிட வேண்டும். வாயு மாதிரியைக் காற்றுப் புகாத கண்ணாடி சிரிஞ்சில்தான் பிடிக்க வேண்டும்.

பிரதானத் தொட்டியில் எடுத்த மாதிரி அந்தத் தொட்டியைப் பற்றி மட்டுமே சொல்லும். எண்ணெய் நிரம்பிய புஷ்ஷிங்கின் எண்ணெய் தனியே அடைபட்டது. அதற்குக் காப்பின் மின்னிழப்பைக் காட்டும் டான் டெல்டா, மின்தேக்குத்திறன் அளவீடுகளைத் தனியாகவே கேட்டு வாங்க வேண்டும்.