சன்னலும் கடைசி இருக்கையும்

நுழையும்முன்

பள்ளி என்பது பாடம் கற்கும் இடம் மட்டுமன்று; வீட்டுக்கு வெளியே குழந்தை சந்திக்கும் முதல் சமூகமும் அதுவே. யாரோடு சேர்ந்து அமர்வது, யாரைக் கேலி செய்வது, யாருக்காகப் பேசுவது என்னும் முடிவுகளை மாணவர்கள் நாள்தோறும் அங்கு எடுக்கின்றனர். இம்முடிவுகளில் அடங்கியுள்ள நீதியையும் அநீதியையும் சிறார் இலக்கியம் கூர்ந்து நோக்கியிருக்கிறது. உலகப் புகழ்பெற்ற இரு நூல்களின் வழியே அதனை அறிந்துகொள்வோம்.

இரு நூல்கள்

அமெரிக்க எழுத்தாளர் எலினார் எஸ்டஸ் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட கதை 'நூறு ஆடைகள்'. சப்பானிய நடிகையும் தொலைக்காட்சிக் கலைஞருமான தெத்சுகோ குரோயாநாகி 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் 'டோட்டோ சான்'. முன்னது புனைகதை, பின்னது ஆசிரியரின் இளமைக்கால நினைவுகள். நாடும் காலமும் வேறாயினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன. வகுப்பில் ஒதுக்கப்பட்ட குழந்தையை மற்றவர்கள் எப்போது காண்கிறார்கள்? உரிய காலத்திலா, காலம் கடந்த பின்னரா?

சன்னலருகே ஒரு சிறுமி

முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவள் டோட்டோ சான். மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடியதும், சன்னலருகே நின்று தெருவில் செல்லும் இசைக்கலைஞர்களை அழைத்ததும் அவள் செய்த குற்றங்கள். நீக்கப்பட்ட செய்தியைத் தாய் அவளிடம் சொல்லவில்லை. புதிய பள்ளிக்குப் போகலாம் என்று மட்டும் கூறி, தோக்கியோவில் இருந்த டோமோயே பள்ளிக்கு அழைத்துச் சென்றார்.

1937ஆம் ஆண்டு சோசாக்கு கோபயாஷி தொடங்கிய அப்பள்ளியில், ஓய்வுபெற்ற தொடர்வண்டிப் பெட்டிகளே வகுப்பறைகள். பயின்றோர் ஏறத்தாழ ஐம்பது பேர். முதல் நாளன்று தலைமையாசிரியர் டோட்டோ சானிடம், அவள் விரும்பியதையெல்லாம் பேசுமாறு கூறினார். அவள் பேசி முடிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் கொட்டாவி விடவுமில்லை, இடைமறிக்கவுமில்லை. முந்தைய பள்ளி அடக்க முயன்ற குழந்தையை இப்பள்ளி முதலில் கேட்டது.

பந்தயமும் நீதியும்

அப்பள்ளியில் தகாஹாஷி என்னும் சிறுவன் பயின்றான். அவனுடைய கைகால்கள் மிகவும் குட்டையானவை. உடல் இனி வளராது என்பதும் தெரிந்திருந்தது. வழக்கமான ஓட்டப்பந்தயத்தில் அவன் கலந்துகொண்டால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அனைவருக்கும் ஒரே கோடு, ஒரே தொலைவு என்பதனால் விதி பொதுவானதாகத் தோன்றும். ஆனால், அவ்விதியே அவனை என்றென்றும் கடைசியில் நிறுத்திவிடும்.

டோமோயேயின் விளையாட்டு விழா வேறு வகையில் அமைந்தது. கெண்டைமீன் வடிவில் தைத்த நீண்ட துணிக்குழாயின் வாய்வழி நுழைந்து வால்வழி வெளிவருவது ஒரு போட்டி. தாழ்வான படிகளில் ஏறி இறங்குவது இன்னொரு போட்டி. உயரமான மாணவர்கள் துணிக்குள் தடுமாறினர். நீண்ட கால்கள் படிகளில் இடறின. தகாஹாஷியோ விரைந்து முன்னேறினான். எல்லாப் போட்டிகளிலும் அவனே முதலிடம் பெற்றான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமையாசிரியர் அவனுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கவில்லை; மற்றவர்களை விட்டுக்கொடுக்கச் சொல்லவுமில்லை. அனைவரும் முழு முயற்சியுடன் போட்டியிட்டனர். அவர் மாற்றியமைத்தது போட்டியின் தன்மையை மட்டுமே. ஆகவே, அவ்வெற்றியில் இரக்கத்தின் நிழல் படியவில்லை. அது தகாஹாஷிக்கே உரியதாக நின்றது. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால் மட்டும் நீதி நிறைவடைவதில்லை. அவ்விதி யாரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும்.

வெற்றி பெற்றோர்க்குப் பரிசாகக் கிடைத்தவை முள்ளங்கி, கீரை முதலிய காய்கறிகள். குழந்தைகள் முகம் சுளித்தனர். தம் உழைப்பால் முதன்முதலில் ஈட்டிய உணவு அது என்றும், அதனை வீட்டாருடன் பகிர்ந்து உண்ணலாம் என்றும் தலைமையாசிரியர் எடுத்துரைத்தபோது அவர்கள் முகம் மலர்ந்தது.

மரத்தின் மேல் ஒரு விருந்தாளி

டோமோயேயின் மாணவர்கள் ஆளுக்கொரு மரத்தைத் தமதாகக் கொண்டிருந்தனர். இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட யாசுவாக்கி என்னும் சிறுவனுக்கு மட்டும் மரம் இல்லை. அவனால் ஏற இயலாது. கோடை விடுமுறையில் ஒருநாள் டோட்டோ சான் அவனைத் தன் மரத்திற்கு விருந்தாளியாக அழைத்தாள். முதலில் கொண்டுவந்த ஏணி பயன்படவில்லை. பிறகு ஒரு மடக்கு ஏணியை இழுத்து வந்தாள். கொளுத்தும் வெயிலில் இருவரும் வியர்வை வழிய நெடுநேரம் போராடினர். இறுதியில் யாசுவாக்கி தன் வாழ்வில் முதன்முறையாக மரத்தின் மேலிருந்து உலகைக் கண்டான். ஏறிய பின்னர், அமெரிக்காவில் உள்ள தொலைக்காட்சி என்னும் புதுமைப் பெட்டியைப் பற்றி அவன் கூற, அவள் வியந்து கேட்டாள். அவள் உயரத்தைக் கொடுத்தாள். அவன் தொலைவைக் காட்டினான். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்று நட்பில் பிரிவு இல்லை.

அந்நூலில் மசாவோ என்னும் கொரியச் சிறுவனும் வருகிறான். கொரியா அப்போது சப்பானின் ஆட்சியில் இருந்தது. அவன் டோட்டோ சானைப் பார்த்துக் 'கொரியாக்காரி' என்று உரக்கக் கத்துகிறான். அவளுக்குப் பொருள் விளங்கவில்லை. பிறர் தன்னை நோக்கி வெறுப்புடன் வீசிய அச்சொல்லை அவன் வசைச்சொல்லாகவே கருதிவிட்டான் என்பதனைத் தாய் கண்ணீருடன் விளக்குகிறார். அவனும் நம்மைப் போன்ற குழந்தையே என்று தாய் கூறியதைக் கேட்ட டோட்டோ சான், அவனை நண்பனாகக் கொள்ள எண்ணுகிறாள். தன் இனத்தின் பெயரையே வசையென நம்பும் நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ளுவது எத்துணைக் கொடுமை என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

கடைசி இருக்கையில் ஒருத்தி

'நூறு ஆடைகள்' கதையின் வாண்டா பெட்ரோன்ஸ்கி, போலந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பெண், தாயை இழந்தவள். வெளுத்துப்போன நீலநிற ஆடை ஒன்றையே நாள்தோறும் அணிந்து வருவாள். சேற்றுக் காலணிகளுடன் கடைசி வரிசையில் அமர்வாள். தன் வீட்டில் நூறு ஆடைகள் இருப்பதாக ஒருநாள் அவள் கூறினாள். அன்று முதல், வகுப்பில் செல்வாக்கு மிக்க பெக்கி அவளிடம் ஆடைகளின் எண்ணிக்கையை நாள்தோறும் கேட்டு நகைத்தாள்.

பெக்கியின் தோழி மேடியும் ஏழையே. பெக்கியின் பழைய ஆடைகளை அணிபவள். கேலி தவறு என்று அவள் உள்ளம் சொன்னது. அதனை நிறுத்துமாறு பெக்கிக்குக் கடிதம் எழுதத் தொடங்கியும், அடுத்த இலக்கு தானாகலாம் என்று அஞ்சிக் கிழித்துவிட்டாள். வாண்டா பள்ளிக்கு வராத நாள்களில் அவள் இல்லாமையை வகுப்பு உடனே உணரவில்லை. கேலி செய்வதற்காக வழியில் காத்திருந்து பள்ளிக்குத் தாமதமான நாளில்தான் பெக்கியும் மேடியும் அதனை அறிந்தனர்.

ஓவியப் போட்டியின் முடிவு வெளியான நாளில் வகுப்பறைச் சுவரெங்கும் ஆடைகளின் ஓவியங்கள் அணிசெய்தன. அவை நூறும் வாண்டா வரைந்தவை, பரிசும் அவளுக்கே. பரிசைப் பெற அவள் அங்கு இல்லை. தம் பெயரைக் கேலி செய்யாத பெருநகரத்திற்குச் செல்வதாக அவள் தந்தை எழுதிய கடிதமே வந்து சேர்ந்தது. தோழியர் இருவரும் அவள் வீடு தேடி ஓடினர். வீடு வெறுமையாக இருந்தது. அன்றிரவு மேடி உறங்கவில்லை. இனி யாரேனும் ஒருவர் துன்புறுத்தப்படுவதைக் கண்டால், நட்பே போவதாயினும் வாய்மூடி நிற்பதில்லை என்று உறுதிகொண்டாள்.

பின்னர் வாண்டாவிடமிருந்து மடல் வந்தது. இருவருக்கும் ஒவ்வோர் ஓவியத்தை அவள் பரிசாக்கியிருந்தாள். அவற்றில் வரையப்பட்டிருந்த முகங்கள் தம்முடையவையே என்பதனை மேடி பிறகே கண்டாள். அவர்கள் வாண்டாவைக் காணாத நாள்களிலும் வாண்டா அவர்களைக் கண்டுகொண்டிருந்தாள்.

தெரிந்து தெளிவோம்

'டோட்டோ சான்' நூலின் சப்பானியத் தலைப்பு 'சன்னலருகே டோட்டோ சான்' என்று பொருள்படும். அந்நூல் எழுதப்பட்ட காலத்தில், அலுவலகங்களில் முதன்மைப் பணிகளிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களைச் 'சன்னலருகே இருப்போர்' என்று சப்பானியர் குறிப்பிட்டனர். டோமோயே பள்ளி 1945ஆம் ஆண்டு வான்குண்டுத் தாக்குதலில் எரிந்தது.

காலத்தே காணும் கண்

மேடியின் குற்றவுணர்வு வெறும் கற்பனையன்று. எஸ்டஸ் பள்ளியில் பயின்றபோது, பெயருக்காகவும் உடைக்காகவும் கேலிக்குள்ளான வகுப்புத்தோழி ஒருத்தி ஊரைவிட்டுச் சென்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எஸ்டஸுக்குக் கிட்டவில்லை. அந்த வருத்தமே பின்னாளில் கதையாயிற்று.

இரு நூல்களையும் இணைத்துப் பயில்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். தகாஹாஷி கடைசியில் நின்று வெட்கப்படும் நாள் வருவதற்கு முன்பே கோபயாஷி அவனைக் கண்டார். வாண்டாவை மேடி கண்டபோது கடைசி இருக்கை காலியாகிவிட்டது. இருவரிடமும் நல்ல உள்ளம் இருந்தது, காலமே வேறுபட்டது. அநீதி செய்பவர் சிலராகவும், அதனைக் கண்டும் பேசாதிருப்பவர் பலராகவும் இருக்கும் வகுப்பறையில், ஒருவர் துணிந்து பேசும் ஒரு சொல் போதும். கடைசி இருக்கையில் இருப்பவர் அங்கிருக்கும்போதே அச்சொல் எழ வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் அனைவரும் முழு முயற்சியுடன் பங்கேற்கத்தக்க புதிய போட்டி ஒன்றை வடிவமைத்து, அதன் விதிகளை எழுதுக.

2. மேடி கிழித்துவிட்ட கடிதத்தை அவள் பெக்கியிடம் கொடுத்திருந்தால் கதை எவ்வாறு மாறியிருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. பள்ளி வாழ்வைப் பேசும் தமிழ்ச் சிறார் நூல் ஒன்றினைப் படித்து, அதில் நீதியும் நட்பும் வெளிப்படும் இடங்களைத் தொகுத்துரைக்க.