சோப்பில் விழும் புள்ளிகளைச் சோதித்து அறிதல்

பத்தாம் வகுப்பில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ பாடத்தை ஒட்டிப் பல பள்ளிகளில் சோப்பு தயாரித்துக் காட்டுகிறோம். கட்டி வழவழப்பாக வந்தால் கைதட்டல் கிடைக்கும்; புள்ளி விழுந்தால் அது குப்பைக்குப் போகும். பாடம் நடத்த எனக்குப் புள்ளி விழுந்த கட்டிதான் பிடிக்கும். ஆனால் வெள்ளைப் புள்ளிகளில் ஒருவகை தோலைப் புண்ணாக்கும். அதனால் என்னவென்று தெரியாமல் எந்தக் கட்டியையும் மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

முதலில் அளவைப் பார்ப்போம். 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 18 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் 13 முதல் 14 கிராமே போதும். எண்ணெயை மாற்றிவிட்டு அதே 18 கிராமைப் போட்டால், புள்ளியே இல்லாத அழகான கட்டியும் ஆபத்தானதுதான். காரக் கரைசலை ஆசிரியரே தயாரிக்க வேண்டும். கையுறை, கண்ணாடி அணிந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ள நீரில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். காரத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் அறவே வேண்டாம். காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும்.

இனி வெள்ளைப் புள்ளி. கட்டியின் மேற்பரப்பில் மட்டும் திருநீறு பூசியதுபோல் உலர்ந்த பொடி தெரிந்தால், அது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். வினை முடியாத காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து உண்டாவது. சுண்ணாம்பு நீர் பால்போல் மாறும் சோதனையை மாணவர்களுக்கு இங்கே நினைவூட்டலாம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அச்சை முதல் நாள் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்தால் பெருமளவு தவிர்க்கலாம்.

கட்டியை வெட்டிய முகத்தில், உள்ளே, கெட்டியான மணிபோல வெள்ளை தெரிந்து, சற்று நேரத்தில் அதில் ஈரம் கோத்தால் கவனம் தேவை. அது சரியாகக் கரையாத காரமாக இருக்கலாம். அருகில் எண்ணெய்க் குழிகளும் இருந்தால் கலவை போதவில்லை என்று பொருள்.

இவ்விரண்டையும் பிரித்தறியப் பினாப்தலீன் உதவாது. இரண்டுமே அதை இளஞ்சிவப்பாக்கும். நல்ல சோப்பும் ஓரளவு நிறம் காட்டும். மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டிய இடம் இது. புள்ளியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, வெள்ளை ஓட்டின் மேல் வைத்து, ஆசிரியர் இரண்டு சொட்டு வினிகர் விடட்டும். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட் இருக்கிறது. ஆனால் காற்றுப் பட்ட காரமும் சிறிது நுரைக்கும். ஆகவே இடம், ஈரம், நுரை மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஐயம் இருந்தால் அந்தக் கட்டி பயன்பாட்டுக்கு இல்லை. நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வகுப்பறையில் அதற்கு இடமே இல்லை.

மஞ்சள்தூள் சேர்த்த சோப்பில் சிவப்புத் திட்டுகள் வந்தால் பயப்பட வேண்டாம். தூள் கட்டிதட்டிய இடங்களில் காரம் பட்டுச் சிவக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

சில வாரங்களுக்குப் பின் தோன்றும் ஆரஞ்சுக் கறை வேறு கதை. முகர்ந்தால் பழைய எண்ணெயின் சிக்கு வாடை வரும். சோப்பாக மாறாமல் மிஞ்சிய எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களே மிகுதி என்பதால் அது எளிதில் காறாது; சூரியகாந்தி எண்ணெய் விரைவில் காறும். இரும்பும் செம்பும் சிறிதளவு கலந்தாலே இவ்வினை வேகமெடுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

இதைச் சோதிக்க, ஒரே அச்சில் எடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்றை இரும்பு வலையிலும் மற்றொன்றை மரப்பலகையிலும் உலர வைக்கலாம். வாரம் ஒருமுறை நிறம், வாடை, கறை விழுந்த பக்கம் ஆகியவற்றை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். நல்லெண்ணெய்ச் சோப்பில் ஒரு ஜோடி, தேங்காய் எண்ணெய்ச் சோப்பில் ஒரு ஜோடி வைத்தால் ஒப்பிட வசதி.