பேலன்ஸை முகூர்த்தத்துக்கு முன்னால் கேள்

செல்ல மருமகன் கதிருக்கு,

கம்பெனி வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கேமராவும் கையுமாகக் கோயம்புத்தூரில் இறங்கிவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். கவலையையெல்லாம் உன்னிடம் கொட்டியிருப்பான். பெருமையை மட்டும் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினான். அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், கண்டுகொள்ளாதே.

படம் எடுப்பது எப்படி என்று உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. மாமா இருந்திருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பார். கும்பகோணத்துக் கடையில் அவர் இருட்டறைக்குள், நான் கல்லாவில். அவர் படம் எடுத்தார், நான் பணம் வாங்கினேன். அட்வான்ஸ், ரசீது, பாக்கி, 'நாளைக்குக் கண்டிப்பா தரேங்க' எல்லாம் என் இலாகா. ஆகவே இந்தக் கடிதத்தில் லென்ஸைத் தேடாதே. எனக்குக் கவலை உன் கூச்சத்தைப் பற்றித்தான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு, கடைக்காரர் கையில் திணித்த மிட்டாயோடு திரும்பி வந்த பிள்ளை நீ. இப்போது பெண்ணைப் பெற்றவரிடம் போய் லட்சத்தில் பேசப்போகிறாயாம்! நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

முதலில் விலை. பக்கத்து ஸ்டுடியோக்காரன் எவ்வளவு வாங்குகிறான் என்று விசாரித்து அதில் ஐயாயிரம் குறைத்துச் சொல்வது விலை அல்ல. உட்கார்ந்து கணக்குப் போடு. உன் கேமரா 2 லட்சம் என்றாய். அந்த ரகக் கேமராக்களில் ஷட்டர் ஒன்றரை லட்சம், 2 லட்சம் தடவை அடிக்கும்வரை தாங்கும் என்று கம்பெனிக்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம் சுடுகிறாய். 50 கல்யாணத்தில் 2 லட்சம் ஆகிவிட்டதா? அப்படியென்றால் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேமராவில் மட்டும் 4,000 ரூபாய் தேய்கிறது. ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அதற்குள் புது மாடல் வந்து உன் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். மாமா யாஷிகாவில் எடுத்த காலத்தில் ஒரு 120 ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் காசு போவது கண்ணுக்குத் தெரியும். இப்போது தெரிவதில்லை. அதனால் 'சும்மா ரெண்டு கிளிக் அடிங்க தம்பி' என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்லட்டும், நீயும் அதை நம்பிவிடாதே.

லென்ஸ், பேட்டரி, ஆல்பம் பிரிண்ட், அசிஸ்டெண்ட் கூலி, பெட்ரோல், பிறகு மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் நீ உட்காரும் கூலி எல்லாம் இதன்மேல் ஏறும். 'கடைசியா என்ன விலை?' என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் அவர்கள் நம் ஊர்க்காரர்களே இல்லை. விலையைக் குறைக்காதே, பொருளைக் குறை. 'சரிங்க, ஆல்பத்துல பத்து ஷீட் கம்மி பண்ணிக்கலாம்' என்று சொல். பாதிப் பேர் பழைய விலைக்கே வந்துவிடுவார்கள்.

வாங்குவது எப்போது? தேதியைப் பிடிக்கும்போது ஒரு பங்கு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெரும்பங்கு, ஆல்பம் பிரிண்டுக்குப் போகும் முன் மிச்சம். ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேலன்ஸுக்கு நடந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்ணின் அப்பாவைப் பார்த்திருக்கிறாயா? மண்டபத்துக்காரர், சமையல்காரர், பந்தல்காரர் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். போட்டோக்காரன் அந்த வரிசையில் கடைசி ஆள், ஏனென்றால் அவனிடம்தான் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே கேட்டுவிடு. அப்பாவிடம் கேட்காதே, அவர் பதற்றத்தில் இருப்பார். மஞ்சள் பையோ ஜிப் பையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு சித்தப்பாவோ தாய்மாமாவோ மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். அவர்தான் உன் ஆள்.

பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. இரண்டு பக்கம் போதும். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை படம், எத்தனை நாளில், தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கட்டும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது எழுதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், வாய்ப்பேச்சில் விட்டவர்கள் சண்டை போட்டார்கள். உன் குழுவுக்குச் சாப்பாடு என்பதையும் எழுது, சிரிக்காதே. கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் மட்டும் மிஞ்சியிருக்கும்போது என்னை நினைத்துக்கொள்வாய்.

இன்னொரு வரியும் அந்தத் தாளில் வேண்டும். நீ எடுத்த படம் உன்னுடையது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நம் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமைக்காரர் அவர்தான். நீ இல்லை. அதனால் 'என் வேலையைக் காட்ட இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்வேன்' என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்கு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. கல்யாணப் பெண் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் படத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது அவள் இஷ்டம், உன் இஷ்டம் இல்லை.

சொந்தக்காரர்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே உனக்கு இரண்டே வழிதான். முழுக் காசு வாங்கு, அல்லது 'இது என் மொய்' என்று சொல்லி ஒரு பைசா தொடாதே. 'நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுக் கொடு' என்கிற பாதி விலை இருக்கிறதே, அதில் உனக்கும் வருத்தம், அவர்களுக்கும் திருப்தி இருக்காது.

மண்டபத்தில் உன் வாய் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும். கெட்டிமேளம் தொடங்கி முடிச்சு விழுவதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கும்? அட்சதை போட அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள், பாதிக் கையில் போன் இருக்கும். அந்த நிமிஷத்தில் 'அண்ணே, கொஞ்சம் நகருங்க' என்று கத்திப் பயனில்லை. ஹோமம் வளர்க்கும்போதே புரோகிதரிடம் ஒரு வார்த்தை, மூன்றாம் முடிச்சுப் போட வரும் நாத்தனாரிடம் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று ஒரு வார்த்தை, முன்வரிசைப் பெரியவர்களிடம் சிரித்தபடி ஒரு வார்த்தை சொல்லிவை. ஒவ்வொரு வீட்டிலும் முறை மாறும். மெட்டி யார் போடுவது, பாதபூஜை உண்டா இல்லையா என்பதையெல்லாம் முந்தின நாளே ஒரு பாட்டியைப் பிடித்துக் கேட்டுவிடு. பாட்டிகள் சந்தோஷமாகச் சொல்வார்கள், வேறு யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

அந்தப் பாட்டியைத் தனியாக ஒரு படம் எடு, தாத்தாவையும் எடு. நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, தோளில் துண்டைச் சரிசெய்து எடு. அதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆல்பத்திலும் அதற்கு இடம் இருக்காது. எங்கள் கடைக்குக் கசங்கிய குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து, 'இதுல மூணாவதா நிக்கிற அப்பா முகத்தை மட்டும் பெரிசு பண்ணித் தர முடியுமா, நாளைக்குக் காரியம்' என்று நிற்பவர்களிடம் நான் பணம் வாங்கியதே இல்லை. மாமாவுக்கும் அது தெரியும், கேட்டுக்கொள்ளமாட்டார். அப்படி ஒரு போன் வந்தால் நீயும் உடனே தேடிக் கொடு, பில் போடாதே. கல்லாவில் உட்கார்ந்தவள்தான் சொல்கிறேன்.

தேடினால் கிடைக்க வேண்டுமே! மாமா ரோல் முடிந்ததும் ஓரத்துக் காகிதப் பட்டையை நாக்கில் நனைத்து இறுக்கி ஒட்டி, சட்டையின் இடது பையில் போடுவார். புது ரோல் வலது பையில். கல்யாண அவசரத்திலும் கை மாறாது. உன் மெமரி கார்டுக்கும் இடது, வலது வைத்துக்கொள். கேமராவில் இரண்டு கார்டு போட இடம் இருந்தால் இரண்டிலும் பதியட்டும். நடுராத்திரி ரூமுக்கு வந்தாலும் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் படுக்கவேண்டும். ஒன்று உன்னிடம், ஒன்று வேறு வீட்டில். ஆல்பம் அவர்கள் கைக்குப் போகும்வரை கார்டை அழிக்காதே. அசிஸ்டெண்ட் கேமராவிலும் உன் கேமராவிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டுகிறதா என்று காலையிலேயே பார். இல்லாவிட்டால் தாலி கட்டிய பிறகு ஊஞ்சல் ஆடுவது போல வரிசை கலைந்து வரும்.

லென்ஸைத் தோல் பையிலேயே வைத்து மூடாதே, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கிப் போட்டு, 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள். ஐப்பசி மழையில் பூஞ்சை பூத்த கண்ணாடியைத் துடைக்கக் கொடுக்கும் காசில் இப்படி இருபது டப்பா வாங்கலாம்.

இப்போது ஆடி, மார்கழிக்கு வருவோம். இரண்டிலும் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் செய்யமாட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவன் நீ. வைகாசியில் வரும் பணத்தைப் பார்த்துப் பணக்காரன் ஆகிவிட்டோம் என்று நினைத்து, ஆடியில் அப்பாவிடம் கை நீட்டாதே. வந்ததில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதாமாதம் நீயே உனக்குச் சம்பளம் கொடுத்துக்கொள். பி.எஃப். நின்றுபோயிற்றே, பி.பி.எஃப். கணக்கு ஒன்று தொடங்கு. வருஷத்துக்குக் குறைந்தது 500, கூடினால் ஒன்றரை லட்சம் கட்டலாம், 15 வருஷம் ஓடும். உன் மருத்துவக் காப்பீட்டையும் கேமரா காப்பீட்டையும் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வை.

ஆடிக்குப் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. திருப்பூர் எத்தனை தூரம்? பனியன் கம்பெனிகள் இப்போது இணையத்தில் விற்கின்றன. அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்கவேண்டும், சரக்கு 85 சதவீத இடத்தை நிறைக்கவேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பனியன் கண்ணை மூடாது, 'என்னைக் குண்டாக் காட்டிட்டீங்க' என்று சொல்லாது. கம்பெனிகள் பில்லை இழுத்தடிக்கும், அதற்கும் மருந்து உண்டு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்துகொள். 2006-ஆம் வருஷச் சட்டப்படி, உன் மாதிரிச் சிறு தொழில்காரனுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தக்கூடாது, மீறினால் வட்டி உண்டு. பில்லின் மேலேயே பதிவு எண்ணைப் போடு, அவர்கள் ஆடிட்டர் கண்ணில் படட்டும். டி.டி.எஸ். பிடித்தால் அது உன் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வரவு என்றால் லாபம் இல்லை, வந்த மொத்தப் பணம்.

டிரோன் வாங்கப்போவதாக உன் அப்பா முணுமுணுத்தான். 250 கிராமுக்கு மேல் எடை என்றால், கூலிக்குப் பறக்கவிடச் சான்றிதழ் வாங்கவேண்டும், 2021 விதி அது. ஒரு வருஷம் போகட்டும், அவசரம் என்ன?

நீ அச்சடிக்க வைத்திருக்கும் விலைப்பட்டியலை முதலில் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. சிவப்புப் பேனா இன்னும் என் கல்லா டப்பாவில்தான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. கேமரா பெல்ட்டை ஒரே தோளில் மாட்டாதே, இப்போதே உன் இடது தோள் இறங்கியிருக்கிறது.

அன்புடன்,
அத்தை

பி.கு.: உன் தங்கை நிச்சயதார்த்தப் படங்கள் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாதி விலைக்காரி வரிசையில் வைத்துவிட்டாயா, மொய் வரிசையிலா?